அஃபிலியேட் விகிதத்தில் மறுவிற்பனையாளர் வேலை: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் முப்பது வயதை நெருங்கும் வணிகவியல் பட்டதாரி. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஓர் ஊரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பிரிண்டர், கண்காணிப்புக் கேமரா, பில் போடும் இயந்திரம் என எது நின்றுபோனாலும் தானே பைக்கில் போய்ச் சரிசெய்து கொடுப்பார். ஒரு பக்கம் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். மறுபக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி. இந்தக் கரை நெடுகிலும் உள்ள கருவாட்டு மொத்த வியாபாரிகள், ஐஸ் பிளாண்ட் முதலாளிகள், வலை, கயிறு விற்கும் கடைக்காரர்கள், யாத்ரீகர் விடுதி நடத்துபவர்கள் எல்லோருக்கும் அவரை முகம் தெரியும்.

நான் ராமநாதபுரத்தில் சிறு வணிகர்களுக்கு வரிக் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அவர் எங்களிடம் வந்தது 2025 பிப்ரவரியில். வந்த காரணம் சின்னது: கடைக்காரர்களை அவர் வாங்க வைத்த பில் போடும் மென்பொருளுக்கு அதன் நிறுவனம் கமிஷன் என்று திரையில் காட்டிய தொகைக்கும் வங்கியில் வந்து விழுந்த தொகைக்கும் வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசத்தைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டோம். அதற்குள் வேறு பல முடிச்சுகள் இருந்ததால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன், ஊர், கடை அடையாளங்களை நீக்கி எழுதியிருக்கிறேன்.

பில் மென்பொருளுக்கு இந்தக் கரையில் திடீரென்று தேவை வந்ததற்குக் காரணங்கள் உண்டு. நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த விடுதி அறைகளுக்கு அதுவரை இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18ஆம் தேதியோடு போய், 12 சதவீத வரி வந்தது. ராமேஸ்வரத்தில் சின்ன விடுதிகள் பலவற்றுக்கு அதுவரை ஒரு நோட்டும் கார்பன் தாளும் போதுமானதாக இருந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில், கட்டாயமானது. அப்படிப்பட்ட பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்கும் சின்ன வியாபாரிகளிடமும் ஒழுங்கான பில் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நம்மவரைத்தான் கூப்பிட்டார்கள்.

கையெழுத்திட்டது எதற்கு

2024 செப்டம்பரில் ஒரு பில் மென்பொருள் நிறுவனத்தின் கூட்டாளித் திட்டத்தில் அவர் சேர்ந்தார். சேரும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது "20 சதவீதம் கமிஷன், பன்னிரண்டு மாதங்களுக்கு". அதற்குக் கீழே இருந்த ஒப்பந்தத்தை அவர் படிக்கவில்லை. எத்தனையோ பேர் படிப்பதில்லை. அதை ஒரு குற்றமாகச் சொல்ல நான் தயாராக இல்லை.

அவருடைய தாய்மாமா பாம்பனில் மீன் கமிஷன் கடை வைத்திருப்பவர். படகுக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். அந்தப் படகு பிடித்து வரும் மீன் அவர் வழியாகத்தான் ஏலத்துக்குப் போகும். ஒவ்வோர் ஏலத்திலும் இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார். எந்தப் படகு யாருடையது என்பது கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். மருமகன் மனத்தில் இருந்த கமிஷன் இதுதான்: கடைக்காரரை நான் கூட்டி வந்தேன், ஆகவே அந்தக் கடைக்காரர் என் கணக்கு. மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்கு ஆளைத் தெரியாது, அதற்குத் தெரிந்தது ஓர் உலாவியில் கிடக்கும் ஓர் எண் மட்டும்தான் என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

மென்பொருள் கூட்டாளிகளில் சில வகை உண்டு. அஃபிலியேட் என்பவர் இணைப்பைப் பரப்பி ஆட்களை அனுப்புகிறவர். வாங்குவதும் விற்பதும் வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விஷயம். அனுப்பியதோடு அவர் வேலை முடிந்தது. ரெஃபரல் கூட்டாளி என்பவர் குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் கொடுத்து அறிமுகம் செய்கிறவர். விற்பதை நிறுவனத்தின் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். மறுவிற்பனையாளர் தள்ளுபடி விலையில் வாங்கித் தன் பில்லில் விற்கிறவர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் அவர் வருமானம், வாடிக்கையாளரின் முதல் தொலைபேசி அழைப்பும் அவருக்குத்தான். நிறுவிக் கொடுத்து, பழைய கணக்கை ஏற்றி, பயிற்சி தருபவரைத் தனியாக இம்ப்ளிமென்டேஷன் கூட்டாளி என்பார்கள். அவருக்கு வருமானம் சேவைக் கட்டணம். நம்மவர் செய்துகொண்டிருந்தது கடைசி இரண்டு வேலைகள். கையெழுத்திட்டது முதல் வகைக்கு. பின்னால் வந்த சிக்கல்களில் முக்கால்வாசிக்கு வேர் இதுதான் என்பது என் கருத்து.

அவர் படிக்காமல் விட்ட ஒப்பந்தத்தில் இருந்தவை: குக்கிக் காலம் 30 நாள் (இணைப்பைத் தொட்டவர் அதற்குள் வாங்கினால்தான் கணக்கு), கமிஷன் கடைசி கிளிக்குக்கு (வாங்குமுன் கடைசியாகத் தொட்டது யாருடைய இணைப்போ அவருக்கு), கணக்கிடுவது நிகரத் தொகையில், தொகையை 45 நாள் நிறுத்திவைத்த பிறகே கொடுப்பார்கள், ஐயாயிரம் ரூபாய் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும், தானே வாங்கினால் கமிஷன் கிடையாது, திட்டத்திலிருந்து விலகினால் அதன் பிறகு எதுவும் கிடையாது.

முதல் வித்தியாசம்: நிகரத் தொகை

எங்களிடம் கொண்டு வந்த கணக்கு இது. ஒரு விடுதிக்காரர் ஆண்டுத் திட்டத்துக்குக் கட்டிய தொகை, தள்ளுபடி இல்லாவிட்டால், 12,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 2,160 ரூபாயும் சேர்த்து 14,160 வந்திருக்கும். அதில் 20 சதவீதம் என்று இவர் மனக்கணக்குப் போட்டது 2,832 ரூபாய். உண்மையில் நடந்தது: வரி கணக்கில் சேராது. நிறுவனம் பண்டிகைத் தள்ளுபடியாக 10 சதவீதம் குறைத்திருந்ததால் அடிப்படைத் தொகை 10,800. அதில் 20 சதவீதம் 2,160. அதிலிருந்து 1961 வருமான வரிச் சட்டம் 194எச் பிரிவின்படி 2 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி), 43 ரூபாய் 20 காசு. கைக்கு வந்தது 2,116 ரூபாய் 80 காசு.

டிடிஎஸ் தொலைந்த பணமல்ல. 26ஏஎஸ் படிவத்தில் அவர் பான் எண்ணுக்கு நேராக அது நிற்கிறது. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். 2024 செப்டம்பர் 30 வரை இந்த விகிதம் 5 சதவீதமாக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அவர் கொடுத்திருந்தார்.

இரண்டாவது வித்தியாசம்: காணாமல் போன கடைகள்

டிசம்பர் முடியும்போது அவர் பேச்சை நம்பி மென்பொருள் வாங்கிய கடைகள் 17. நிறுவனத்தின் டாஷ்போர்டில் (கூட்டாளிக்குக் கணக்குக் காட்டும் திரை) அவர் கணக்கில் நின்றவை 6. நிறுவனம் ஏமாற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தார். நாங்கள் 11 கடைகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தோம்.

ஐந்து கடைகளில் நடந்தது ஒரே கதை. இவர் வாட்ஸ்அப்பில் முதலாளியின் கைபேசிக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறார். முதலாளி தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்த நொடியில் இவருடைய எண்ணைச் சுமந்த சின்னக் குறிப்பு ஒன்று அந்தக் கைபேசியின் உலாவியில் பதிவாகிறது; அதுதான் குக்கி. சில நாள் கழித்துப் பணம் கட்டியது கடைக் கணினியிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ. அந்தக் கணினிக்கு இவரைத் தெரியாது.

இரண்டு கடைகளில் இணைப்பு போனது ஐபோனுக்கு. கீழக்கரைப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பிகள் வாங்கி அனுப்பும் போன்கள் அவை. ஐபோனின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் வெளித் தளங்களின் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. தளமே ஸ்கிரிப்ட் மூலம் போடும் குக்கிகளுக்கும் 2019 முதல் ஏழு நாள்தான் ஆயுள். ஒப்பந்தத்தில் 30 நாள் என்று எழுதியிருந்தாலும் அந்தப் போன்களில் அது ஏழு நாளுக்குள் அழிந்துவிடும். இரண்டு கடைக்காரர்களும் பணம் கட்டியது பதினைந்து நாளுக்குப் பிறகு. குக்கிக் காலம் என்பது நிறுவனம் தர முன்வரும் அதிகபட்சம்தான் என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டோம். இந்தக் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் வெகுவாக மாறும்: 1996இல் தொடங்கிய அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் அது வெறும் 24 மணி நேரம், மென்பொருள் திட்டங்களில் 30 முதல் 90 நாள் வரை சாதாரணம்.

மூன்று கடைகளில் கமிஷன் வேறொருவருக்குப் போயிருந்தது. இது எப்படி நடக்கிறது என்பதை நேரிலேயே பார்க்க நேர்ந்தது. பிப்ரவரியில் தங்கச்சிமடத்துக் கருவாட்டுக் கிடங்கு ஒன்றுக்கு அவரோடு போயிருந்தேன். நெத்திலி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசை, அதில் கணினி. கல்லூரியில் படிக்கும் முதலாளியின் மகள் உட்கார்ந்து, நம்மவரின் இணைப்பைத் திறந்து, விவரங்களை நிரப்பி, பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டார். அங்கே "கூப்பன் இருந்தால் இடவும்" என்று ஒரு காலிப் பெட்டி. பெட்டியைப் பார்த்ததும் கை நின்றது. புதிய தாவல் ஒன்றைத் திறந்து மென்பொருளின் பெயரோடு கூப்பன் என்று தேடினார். முதலில் வந்த தளத்தில் "கூப்பனைக் காட்டு" என்ற பொத்தானை அழுத்தினார். பின்னணியில் மென்பொருள் நிறுவனத்தின் பக்கம் இன்னொரு முறை திறந்து மூடியது. கிடைத்த கூப்பனை இட்டார். "காலாவதியானது" என்று வந்தது. முழுத் தொகையையே கட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஆனால் கடைசி கிளிக் இப்போது கூப்பன் தளத்துடையது. 20 சதவீதம் அங்கே போயிற்று.

ஒப்பந்தப்படி இதில் தவறில்லை. முறைப்படி பார்த்தால் எனக்கு உடன்பாடில்லை. வாங்க முடிவெடுத்து, அட்டையை எடுத்த பிறகு வாசலில் நிற்பவருக்கு முழுக் கூலி கொடுப்பது கடைசி கிளிக் முறையின் பழைய நோய். கூப்பன் தளங்களுக்குக் குறைந்த விகிதம் கொடுக்கும் திட்டங்களும், அவற்றைச் சேர்க்கவே மறுக்கும் திட்டங்களும் இருக்கின்றன. சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

பதினோராவது கடைக்கு எங்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

குறுக்கு வழியும் அதன் விலையும்

எங்களிடம் வருவதற்கு முன்பே, ஜனவரியில், அவர் தானாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கடைக்காரரிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, தன் மடிக்கணினியில், தன் இணைப்பின் வழியாகக் கணக்கைத் திறந்து, தன் யுபிஐயிலிருந்து பணம் கட்டிவிடுவது. குக்கி தொலையாது, கூப்பன் தேடவும் ஆளில்லை. நான்கு கடைகளுக்கு இப்படிச் செய்தார்.

மார்ச்சில் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே கருவி, ஒரே இணைய முகவரி, அஃபிலியேட்டின் சொந்த யுபிஐ. நான்கும் தன்-பரிந்துரை என்று சந்தேகிக்கப்படுகின்றன, கணக்கு முழுவதும் ஆய்வு முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது என்றது அது. அவருக்குக் கோபம். "நான்கு கடையும் உண்மையான கடை, சார். போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். கடை உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், கமிஷனைத் தள்ளுபடியாக்கிக்கொள்ளத் தானே வாங்கும் ஆளுக்கும் இவருக்கும் திரையில் ஒரு வேற்றுமையும் இல்லை. இந்தத் துறையில் எச்சரிக்கை இவ்வளவு கடுமையானதற்கு வரலாறு உண்டு. ஈபே தன் முன்னணி அஃபிலியேட்டுகள் மீது, யாரும் கிளிக் செய்யாமலேயே குக்கிகளைத் திணித்ததாக 2008இல் வழக்குப் போட்டது. அது குற்ற வழக்காகி, 2014இல் அமெரிக்காவில் இருவர் சிறைக்குப் போனார்கள்.

என் அலுவலகத்துக்குக் கவலை தந்தது வேறு. நான்கு பில்களிலும் வாங்குபவர் என்று இருந்தது நம்மவரின் பெயர். கடைகளின் ஜிஎஸ்டி எண் இல்லை. ஆகவே அந்த 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, அவர்களுக்கு வழியில்லை. தலைக்கு 2,160 ரூபாய். கடைக்காரர்கள் கேட்கவில்லை; கேட்கும் நாள் வந்திருக்கும்.

தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகள் போகும், ஆனால் வரத்து அவ்வளவுதான். ஐஸ் பிளாண்டில் வேலை அடங்கிவிடும். தடைக்காலம் அல்லாத மாதங்களிலும், பாக் நீரிணைப் பக்கம் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்தால் வேலைநிறுத்தம், அதனால் இரண்டு வாரம் ஐஸ் போகாது என்பது சாதாரணம்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஆண்டுத் திட்டம் வாங்கிய இரண்டு ஐஸ் பிளாண்டுகள் மே முதல் வாரத்தில் ரத்து செய்தன. வாங்கிய 90 நாளுக்குள் ரத்து செய்தால் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்ப உண்டு என்பது நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. அஃபிலியேட்டுக்குக் கமிஷனை நிறுத்திவைப்பதோ 45 நாள்தான். ஆகவே மார்ச் கடைசியில் அந்த 45 நாள் முடிந்து டாஷ்போர்டில் அவர் பெயரில் சேர்ந்த கமிஷன், மே மாதம் திரும்பப் பெறப்பட்டது. டாஷ்போர்டில் கழித்தல் குறியோடு மீதித் தொகை நின்றதை அவர் அன்றுதான் முதல்முறை பார்த்தார். நிறுத்திவைக்கும் காலம் முடிந்தால் பணம் நம்முடையது என்று நினைப்பது இயல்பு. இங்கே இரண்டு காலங்களுக்கும் இடையில் 45 நாள் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியின் பொறுப்பு முழுக்க அஃபிலியேட் தலையில்.

இதே இரண்டு மாதத்தில் வலை, கயிறு, பெயின்ட், இன்ஜின் சாமான் விற்கும் கடைகளில் கூட்டம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது தடைக்காலத்தில்தான். அந்தக் கடைகளில் ஒன்றுகூட ரத்து செய்யவில்லை; ஒருவர் இரண்டாவது கணினிக்கும் உரிமம் வாங்கினார். மாதத் தவணையில் இருந்த கருவாட்டுக்காரர்கள் சிலர் மட்டும் நிறுத்திவிட்டு ஜூலையில் திரும்பினார்கள். திரும்பியவர்கள் புதுக் கணக்கு திறந்ததால் அவர்களுக்கான தொடர் கமிஷன் அறுந்துபோனது. தொடர் கமிஷனின் மதிப்பு வாடிக்கையாளர் எத்தனை மாதம் நிற்கிறார் என்பதில் இருக்கிறது. இந்தக் கரையில் அதைக் கடல் நாட்காட்டியோடு சேர்த்துத்தான் கணக்கிட முடியும்.

எடுத்த முடிவுகள்

ஜூன் மாதம் உட்கார்ந்து பேசினோம். அவருடைய மாமாவும் வந்திருந்தார்.

முதல் முடிவு, பழைய பாக்கியைக் கேட்பது. விடுபட்ட கடைகளுக்கு வாட்ஸ்அப் செய்திகளின் தேதி, கடைக்காரரின் ஒரு வரிக் கடிதம் இரண்டையும் இணைத்து அனுப்பினோம். கூப்பன் தளத்துக்குப் போனவற்றையும் சேர்த்தே கேட்டோம், கிடைக்காது என்று தெரிந்தே. நிறுவனம் நம் குரலைக் கேட்டது என்ற பதிவாவது இருக்கட்டும் என்பது எண்ணம். தன்-பரிந்துரை என்று நின்ற நான்குக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி, கடைகளின் ஜிஎஸ்டி எண்களைக் கொடுத்து, பில்லை அவர்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டோம்.

இரண்டாவது, அவருக்கென்று தனிக் கூப்பன் கேட்பது. குக்கியை நம்பாமல், கடைக்காரர் எந்தக் கருவியில் பணம் கட்டினாலும் அந்தக் கூப்பனை இட்டால் விற்பனை இவர் கணக்கில் சேரும். 5 சதவீதத் தள்ளுபடியும் கடைக்காரருக்கு உண்டு. காலிப் பெட்டியைப் பார்த்ததும் தேடப் போகும் கைக்கு ஒரு வேலையும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் பெரியது: நேரில் போய் நிறுவித் தரும் கடைகளுக்கு மறுவிற்பனையாளராக மாறுவது. நிபந்தனைகள் இவை: 30 சதவீத இடைவெளி, புதுப்பிக்கும்போது 20, ஆண்டுக்குக் குறைந்தது 20 உரிமம், முதல்நிலை உதவி இவர் பொறுப்பு, நிறுவும் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் இவர் விருப்பம். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணையோ கைபேசி எண்ணையோ முன்கூட்டியே பதிந்தால் 60 நாள் அந்த வாடிக்கையாளர் இவருடையவர். இதற்கு டீல் ரெஜிஸ்ட்ரேஷன் என்று பெயர். கமிஷன் கடையின் தர்க்கம் இங்கேதான் இருந்தது.

அவருக்குத் தயக்கம். "இருபது எடுக்க முடியாவிட்டால்? முதலில் பணம் கட்ட வேண்டுமே" என்றார். நானும் அவசரப்படுத்தவில்லை, முன்பணம் போட்டு விற்பது வேறு ரகத் தொழில். மாமா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இரவு பத்து மணிக்கு பிரிண்டர் ஓடவில்லை என்று யாரைக் கூப்பிடுகிறார்கள், மாப்பிள்ளை?" இவரைத்தான். கூலி இல்லாமல் அந்த வேலையை ஏற்கெனவே பத்து மாதம் செய்தாகிவிட்டது. ஜிஎஸ்டி பதிவைத் தானாக முன்வந்து எடுத்து, கடைகளுக்கு முறையான பில் கொடுப்பது என்று முடிவானது. இணையத்தில் அவர் போட்டுவந்த ஒளிப்பதிவுகளைப் பார்த்துத் தாங்களே வாங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அஃபிலியேட் இணைப்பு அப்படியே தொடரும்.

அந்த ஒளிப்பதிவுகளில் ஒரு குறை இருந்தது. மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு, இதுதான் சிறந்தது என்று சொல்லி, கீழே இணைப்பைக் கொடுத்திருந்தார். கமிஷன் கிடைக்கும் என்று எங்கேயும் சொல்லவில்லை. 2021இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் வெளியிட்ட வழிகாட்டுதலும், 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டதும் பொருள் சார்ந்த தொடர்பை, அதாவது கமிஷன் போன்ற ஆதாயத்தை, தெளிவாக, கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்கின்றன. இவருடைய ஒப்பந்தமும் அதையே கேட்டது. "இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு" என்று தொடக்கத்திலேயே பேசிச் சேர்த்தார். வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களோ என்று பயந்தார். ஏர்வாடிக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னது: "தம்பி, கமிஷன் இல்லாமல் இந்தக் கரையில் யார் எதை விற்றிருக்கிறார்கள்? விலையைச் சொல்லுங்கள்."

விளைவு

நிறுவனம் கருவி மாறிய ஐந்து கடைகளில் நான்கை ஏற்றுக்கொண்டது. ஐபோன் இரண்டில் ஒன்றை ஏற்றது. ஏன் மற்றதை ஏற்கவில்லை என்று சொல்லவில்லை. கூப்பன் தளத்துக்குப் போனவை எதுவும் வரவில்லை. தன்-பரிந்துரைக் கடைகளுக்கு பில்லை மாற்றிக் கொடுத்தார்கள், கமிஷன் கிடையாது என்று எழுதினார்கள், கணக்கின் தடையை நீக்கினார்கள். அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன்.

ஜூலை முதல் டிசம்பர் வரை மறுவிற்பனையாளராக 13 உரிமம் விற்றார். ஒரு கடைக்கு இடைவெளி 3,600, நிறுவும் கட்டணம் 1,500. பழைய 2,116 ரூபாயோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கு மேல். அதில் விடுதிகள் ஆறு. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறந்து, 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் ராமேஸ்வரத்துக்குத் திரும்பவும் வரத் தொடங்கியதும், விடுதிக்காரர்களுக்குச் செலவு செய்யத் துணிவு வந்திருந்தது.

செப்டம்பர் 22 அன்று, நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து உள்ளீட்டு வரவு இல்லாத 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று காலையிலிருந்து அவர் போன் ஓயவில்லை. ஒவ்வொரு விடுதியிலும் மென்பொருளில் விகிதத்தை மாற்ற வேண்டும், ஏற்கெனவே முன்பதிவு எடுத்த பில்களை எப்படிப் போடுவது என்று சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டாக இருந்தால் அத்தனையும் இலவச உபகாரம். இப்போது ஆறு விடுதிகளும் ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் கட்டியிருந்தன. பழைய அஃபிலியேட் காலத்து விடுதிகளுக்கும் செய்து கொடுத்தார். அவர்களில் இருவர் அதன் பிறகு பராமரிப்பில் சேர்ந்தார்கள்.

எல்லாம் நன்மையில் முடியவில்லை. ராமேஸ்வரத்தில் பெரிய விடுதி ஒன்றுக்கு மூன்று முறை போய்ச் செய்து காட்டினார். பதியப் போனபோது மதுரை மறுவிற்பனையாளர் ஒருவர் இரண்டு வாரம் முன்பே அதே ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருந்தது தெரிந்தது. அந்த வாய்ப்பு போயிற்று. இப்போது முதல் சந்திப்பு முடிந்து படியிறங்கும்போதே கைபேசியில் பதிந்துவிடுகிறார். கடன் இன்னொரு தொல்லை. நிறுவனத்துக்கு முன்பணம் கட்டுகிறவர் இவர். கடைக்காரர்கள் "படகு வரட்டும், தருகிறேன்" என்கிறவர்கள். அக்டோபரில் ஐந்து உரிமத்தின் விலை வெளியே நின்றது. கமிஷன் பாக்கி நிறுவனத்திடம் இருந்தபோது வந்த தூக்கமின்மை இப்போது கடைக்காரர்களின் பெயரில் வருகிறது என்று அவரே சொன்னார். அதன் பிறகு பாதிப் பணம் கைக்கு வராமல் உரிமத்தை இயக்குவதில்லை.

மறுமுறை என்றால்

சேரும் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது விகிதத்தை அல்ல, விற்பனை யாருடையது என்பதை நிறுவனம் எதை வைத்து முடிவு செய்கிறது என்பதை. குக்கியா, கூப்பனா, பதிவா? நேரில் விற்பவருக்குக் குக்கி மட்டும் உள்ள திட்டம் பொருந்தாது. முதல் நாளே தனிக் கூப்பன் கேட்டிருந்தால் 11 கடைகளில் பெரும்பாலானவை கணக்கில் நின்றிருக்கும். நிறுத்திவைக்கும் காலத்தையும், வாடிக்கையாளருக்கு உள்ள ரத்து உரிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐஸ் பிளாண்ட் போன்ற இடங்களில் விற்பதை ஜூலைக்குத் தள்ளலாம். ஜூன் பாதியில் படகுகள் கடலுக்குப் போனால் அவர்களுக்கும் கையில் பணம் இருக்கும், 90 நாள் ஓடி முடிவதற்குள் அடுத்த தடைக்காலம் குறுக்கே வராது. வலை, சாமான் கடைகளுக்கு மார்ச்சே ஏற்ற மாதம்.

வாடிக்கையாளருக்காகத் தானே பணம் கட்டுவது எந்தத் திட்டத்திலும் வேண்டாம். மறுவிற்பனையாளராக இருந்தால் அதற்கென்று முறையான வழி இருக்கிறது, பில்லும் சரியான பெயரில் வரும்.

தீராமல் நிற்பது ஒன்று. ஒப்பந்தத்தை இரு தரப்பில் யார் முறித்தாலும் புதுப்பிப்பின்போது வரும் 20 சதவீதம் அன்றோடு நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர்கள் நிறுவனத்தின் நேரடிக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். இவர் பதிந்து விற்ற கடைகளுக்கு, விலகிய பிறகும் குறைந்தது ஒரு புதுப்பிப்புக்காவது இடைவெளி வேண்டும் என்று டிசம்பரில் எழுதிக் கேட்டிருக்கிறோம். கூட்டாளி மேலாளர் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். இவருடைய முதல் உரிமங்கள் புதுப்பிப்புக்கு வருவது 2026 ஜூலையில். அதற்குள் பதில் வராவிட்டால் இன்னொரு நிறுவனத்தின் மறுவிற்பனை ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்து வைத்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம்.